காவலுக்கு வந்த ஆனந்தபாய் மாமி

வாசகசாலையின் ஆண்டுமலருக்கு ஆனந்தபாய் மாமியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். 'ஊரின் விளக்கு' என்று தலைப்பையும் அவரே போட்டு வைத்திருந்தார். முதல் வேலையாக அந்தத் தலைப்பை அடித்துவிட்டேன். மாமி அதைப் பார்த்தால் மலரை அப்படியே அடுப்புக்குக் கொடுத்துவிடுவாள். ஒரு பக்கத்திலும் அடங்கவில்லை. இடம் போதாவிட்டால் நகைக்கடை விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். மாமியைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எங்கள் வாசகசாலை குன்னத்துகால் பஞ்சாயத்தின் விளிம்பில் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு இடவழி, ஆள் நடக்கும் சின்னச் சந்து. அந்த இடவழியைத் தாண்டிக் கால் வைத்தால் தமிழ்நாடு. மாமியின் வீடு இந்தப் பக்கம், அவளுடைய தம்பி கனகதாசின் கடை அந்தப் பக்கம். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு உப்பு வாங்க அடுத்த மாநிலத்துக்குப் போய் வருகிறவர்கள் நாங்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாக இருக்கும். எங்களுக்கு நினைவுகூட வராது.

நான் சொல்லும் காலத்தில் மாமிக்கு நாற்பது வயது இருக்கும். தையல்காரி. முன்னறையில் மிதி மெஷின். சர்ச் சபைப் பாடகர்களின் அங்கி, பள்ளிப் பிள்ளைகளின் சீருடை, கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் எல்லாம் அவள் கைப்பட்டுத்தான் வரும். அளவெடுக்கும்போதே ஊர்க்கதை முழுவதையும் கேட்டுக்கொள்வாள். கேட்டதில் ஒரு சொல் வெளியே போகாது. அதனால் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அவள் பேரில் ஒரு நம்பிக்கை. கோபம் வந்தால் மட்டும் அவள் குரல் தமிழ்நாடு வரை கேட்கும். அதற்கும் அதிக தூரம் இல்லை.

அவள் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தம்பி படிக்கட்டும், பெண் வீட்டு வேலையைப் பார்க்கட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தத் தம்பி பிரீடிகிரியில் தோற்று, கடைசியில் டீக்கடை வைத்தார். மாமிக்கு அதில் வருத்தம் உண்டா என்று நான் ஒருமுறை கேட்டேன். "சாயா நல்லாப் போடுவான். அது மதி, அது போதும்" என்றாள்.

1996 மழைக்காலம் தொடங்கியபோது, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் படித்த இரண்டு மாணவர்கள் எங்கள் வாசகசாலையைத் தேடி வந்தார்கள். ஒருவர் ராபின்சன். பெருங்கடவிளைக்காரர், பேச்சைத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். மற்றவர் உண்ணி. கொல்லயில்காரர், பேச்சைத் தொடங்கவே மாட்டார். அவர்கள் கல்லூரியில் ரோபோட் செய்யும் மாணவர் குழு ஒன்று இருந்தது. படித்ததை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் மட்டும்தான் குழுவில் இருக்கலாம் என்று அவர்களுடைய ஆசிரியர் சட்டம் போட்டிருந்தாராம். அந்த ஆசிரியரை நான் பார்த்ததே இல்லை. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

'சனிக்கிழமை பிற்பகல், ரோபோட் செய்யக் கற்கலாம், எல்லோரும் வரலாம்' என்று வாசகசாலைச் சுவரில் தாள் ஒட்டினார்கள். முதல் சனிக்கிழமை ஊர்ப் பையன்கள் திமுதிமுவென்று வந்தார்கள். கண் சிமிட்டிக்கொண்டு நடந்து வரும் ஒரு பொம்மையை எதிர்பார்த்து வந்தவர்கள். மேஜைமேல் வயரும், பழைய டேப்ரிக்கார்டர் மோட்டாரும், குடைக்கம்பியும் கிடப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது நானும் என் கூட்டுக்காரி ஆர்யாவும்தான். நாங்களும் உள்ளே போயிருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை.

என் அம்மா சரசம்மாவுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலையில் வேலை. அண்டியாபீஸ் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். அப்பா தங்கப்பன் கோட்டயம் பக்கம் ரப்பர் வெட்டப் போயிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். அதனால் வீட்டில் சட்டம் முழுவதும் அம்மாவுடையது. கொட்டையின் பால் பட்டுப் பட்டு அவளுடைய விரல்கள் கறுத்துப்போயிருக்கும். எந்தச் சோப்புக்கும் அந்தக் கறுப்பு போகாது.

"ரெண்டு ஆம்பிளப் பயலுவ இருக்கிய எடத்தில பெம்பிளப் பிள்ளைக்கு என்ன சோலி?" என்றாள் அம்மா.

"நான் பாலிடெக்னிக்கில படிக்கப் போறேன்" என்றேன். அப்போது நான் பத்தாம் வகுப்பு.

"பத்து கழிஞ்சா எனக்கக் கூட அண்டியாபீசுக்கு வா. அங்கயும் மெஷீன் உண்டு."

அம்மா கெட்டவள் இல்லை. பெண்ணை அனுப்பிவிட்டு ஊர் வாயில் விழ வேண்டாம் என்று நினைத்தவள். நான் சாப்பிடாமல் படுத்தேன், தட்டை உருட்டினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஆர்யாவின் அம்மாவும் என் அம்மாவும் கூடிப் பேசி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள்: ஆனந்தபாய் கூட இருந்தால் பிள்ளைகள் போகலாம்.

மாமியிடம் போய்ச் சொன்னோம். "எனக்கு வேற வேலை இல்லியா? ஒங்களக் காவல் காக்கவா நான் மெஷின் வாங்கிப் போட்டிருக்கியேன்?" என்று எரிந்து விழுந்தாள். நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "சனியாச்ச எத்தன மணிக்காக்கும்?"

அப்படித்தான் மாமி காவலுக்கு வந்தாள். வாசகசாலையின் பின்னறையில் கதவோரம் ஸ்டூலைப் போட்டு, ஓரம் அடிக்க வேண்டிய பாவாடைகளையும் ஹூக் வைக்க வேண்டிய ஜாக்கெட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்தில் பெரிய கத்தரிக்கோல். அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்துவிட்டு ராபின்சன் அண்ணன் எங்களிடமிருந்து நன்றாகத் தள்ளி நின்றுதான் பாடம் எடுத்தார். பாடம் எங்களுக்கு, கண் கத்தரிக்கோலில்.

கொஞ்ச நாள் போனது. மாமியின் ஊசி மெதுவாக ஓடத் தொடங்கியதை முதலில் ஆர்யாதான் கவனித்தாள். பிறகு சில நேரம் ஊசி அப்படியே நின்றுவிடும். நூல் தொங்கும், மாமி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ராபின்சன் அண்ணன் பாட்டரியையும் பல்பையும் வைத்துக் கரண்டு ஓடும் வழியைச் சொல்லி முடித்து, "மனசிலாயா?" என்று கேட்டார். நானும் ஆர்யாவும் வேகமாகத் தலையாட்டினோம். கதவுப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் வந்தது.

"மக்கா, எனக்கு மனசிலாவல்ல. கரண்டு போவ ஒரு வழி, திரும்பி வர ஒரு வழி வேணும்னு சொன்னியே. திரும்பி வந்த பெறவு அது எங்க போவும்?"

ராபின்சன் அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். அப்போதுதான் உண்ணி அண்ணன் எழுந்து வந்தார். பலகையில் வட்டம் போட்டு, பாட்டரியின் உள்ளே நடப்பது வரைக்கும் பொறுமையாகச் சொன்னார். அவருடைய குரலை நாங்கள் முழுதாகக் கேட்டது அன்றுதான். தலையாட்டிய எங்களுக்கும் அன்றுதான் விஷயம் புரிந்தது. அதன் பிறகு யாருக்கு எது புரியாவிட்டாலும் மாமியின் முகத்தைப் பார்ப்போம். அவள் கேட்டுவிடுவாள். அவளுக்கு வெட்கம் கிடையாது.

அடுத்த வாரம் மாமி ஸ்டூலை மேஜை அருகே நகர்த்திக்கொண்டாள். "இருட்டா இருக்கு, ஊசி தெரியல்ல" என்றாள். வெயில் பளிச்சென்று அடித்த நாள் அது. அதற்கு அடுத்த வாரம், நான் ஈயம் உருக்கி வயரை ஒட்டும் கம்பியைப் பிடித்துத் திணறும்போது, "இஞ்ச தா, கை ஆடப்பிடாது" என்று வாங்கிக்கொண்டாள். ஒட்டியது அழகாகத்தான் இருந்தது. ஆனால் சூட்டுக்கம்பியை மடியில் கிடந்த துணிமேல் வைத்துவிட்டாள். அது கிறிஸ்துமசுக்குத் தைத்த பாடகர் அங்கி. அறை முழுவதும் கருகிய வாசம். "கர்த்தாவே!" என்று மாமி துள்ளி எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. அந்த ஓட்டைமேல் ஒரு சிலுவை எம்ப்ராய்டரி போட்டு மறைத்தாள். மற்ற பாடகர்கள் தங்களுக்கும் சிலுவை வேண்டும் என்று வந்து நின்றது அவளுக்குக் கிடைத்த தண்டனை.

ராபின்சன் அண்ணன் கேலி செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை வரும்போது மூன்றாவதாக ஒரு சூட்டுக்கம்பியும் கொண்டுவந்து, "இது மாமிக்கு" என்று மேஜைமேல் வைத்தார். மாமி கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். அதற்குப் பிறகு அது வெளியே வரவே இல்லை.

அவள் ஒன்றும் ஒரே நாளில் மேதை ஆகிவிடவில்லை. வயரைத் தலைமாற்றிக் கொடுத்து ஒருநாள் ஃபியூசைப் போக்கினாள். வாசகசாலை முழுவதும் இருட்டு. முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். "பழைய சேதிதானே, நாளைக்குப் படிங்க" என்று மாமி உள்ளே இருந்தபடியே பதில் கொடுத்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது அவள் சட்டென்று சொன்னாள். "ஒம்பதில நிறுத்தினப்போ நான் அழல்ல மக்கா. எனக்கு மண்டையில ஏறாதுன்னு எல்லாரும் சொன்னாவ, நானும் அப்பிடித்தான் நெனச்சு வச்சிருந்தேன். ஏறுது, கேட்டியா? ஏறுது." அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் பையை வாங்கி நான் சுமந்தேன்.

நாங்கள் செய்தது நடக்கும் ரோபோட் இல்லை, ஒரு கை. குடைக்கம்பியும் சைக்கிள் கம்பியும் விரல்கள், கார்க் கண்ணாடியைத் துடைக்கும் பழைய மோட்டார் தோள். மேஜையில் இருக்கும் பூச்செண்டை எடுத்து, மெல்லத் திரும்பி, எதிரே நாற்காலியில் இருப்பவரிடம் நீட்ட வேண்டும். பாலிடெக்னிக்கில் பகல் நேரத்தில் அது நன்றாக வேலை செய்தது. எங்கள் ஊரில் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் பாதி வழியில் நின்றுவிடும். காரணம் கரண்டு. எங்கள் பக்கம் அந்தி மயங்கினால் வோல்டேஜ் இறங்கிவிடும். பல்பு சிவந்து கிடக்கும். உண்ணி அண்ணன் யோசித்து, கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியில் கம்பியைக் கூடுதலாகச் சுற்றி, அந்த மெலிந்த கரண்டிலும் கை முழுதாகத் திரும்பும்படி செய்தார். சுற்று எண்ணிக்கொடுத்தது மாமி. கை ஒழுங்காகத் திரும்பியது. நாங்கள் அதை எங்கள் சாயங்காலத்துக்குப் பழக்கிவிட்டோம்.

ஜனவரியில் வாசகசாலை ஆண்டுவிழா. அதில் கையைக் காட்ட வேண்டும் என்று முடிவானது. இதற்குள் அம்மா அண்டியாபீசில் மேஸ்திரியிடம் எனக்காகச் சொல்லி வைத்துவிட்டாள். நான் அழுது பார்த்தேன். மாமி வந்து பேசிப் பார்த்தாள். அம்மா கடைசியில் ஒரு வழி விட்டாள்.

"ஆண்டுவிழாவுக்கு நான் வாறேன். இவ இவ்வளவு நாளும் அங்க இருந்து என்னத்த உண்டாக்கினான்னு எனக்கக் கண்ணால பாக்கட்டு. உள்ளதா இருந்தா மேல படிக்கியதப் பத்திப் பேசலாம். வெறும் வெளையாட்டா இருந்தா, மார்ச்சு கழிஞ்சு அண்டியாபீசு. பெறவு ஒருத்தரும் எனக்க கிட்ட வாயத் தொறக்கப்பிடாது."

அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கை வெறும் கை இல்லை.

விழா நாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சாயங்காலம் அரைமணி நேரம் கரண்டு போகும். போகும் நேரம் எல்லோருக்கும் தெரியும்; அதற்குமுன் கையைக் காட்டிவிடலாம் என்றுதான் நிகழ்ச்சி வகுத்திருந்தோம். ஆனால் வாசகசாலை விழாவில் பேச்சு எப்போது நேரத்துக்கு முடிந்திருக்கிறது? வரவேற்றவர் கால் மணி நேரம் வரவேற்றார். அறிக்கை வாசித்தவர் போன வருஷ அறிக்கையையும் சேர்த்து வாசித்தார். சிறப்பு விருந்தாளி பொன்னையன் சார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நல்ல மனுஷர். அவரும் தம் பங்குக்குப் பேசினார். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்ததும் ராபின்சன் அண்ணன் எழுந்தார். கரண்டு போய்விட்டது.

பெட்ரோமாக்சைக் கொளுத்தினார்கள். பொன்னையன் சார் வாட்சைப் பார்த்தார். நெய்யாற்றின்கரைக்கு அவருடைய பஸ் வரும் நேரம். பின்வரிசைப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழத் தொடங்கினார்கள். அம்மா மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மாமி ஜன்னல் வழியே பின்பக்கம் பார்த்தாள். இடவழிக்கு அப்பால் கனகதாஸ் அண்ணன் கடையில் டியூப்லைட் வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது.

"எலே கனகதாசு!" என்று ஒரு குரல் கொடுத்தாள். "ஒனக்கக் கடையில பிளக்கு ஒண்ணு ஒழிச்சு வை!"

வாசலில் கட்டியிருந்த சீரியல் லைட்டைக் கழற்றி, அந்த வயரை ஜன்னல் வழியே விட்டு, இடவழிக்குக் குறுக்கே தென்னையில் தூக்கிக் கட்டி, தமிழ்நாட்டுக் கரண்டைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தோம். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள். பொன்னையன் சாரைக் கைக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ராபின்சன் அண்ணன் சுவிட்சைப் போட்டார்.

கை குனிந்து பூச்செண்டை எடுத்தது. அதுவரை சரி. பிறகு அது நாங்களே ஒருநாளும் பார்க்காத வேகத்தில் திரும்பியது. செத்திப்பூவும் அரளியும் சேர்த்துக் கட்டிய செண்டு பொன்னையன் சாரின் மூக்குக்கண்ணாடியையும் தட்டிக்கொண்டு பறந்து முன்வரிசையில் போய் விழுந்தது. கை நிற்கவில்லை. இன்னொரு சுற்று சுற்றி மேஜைமேல் இருந்த சோடா பாட்டிலையும் தள்ளிவிட்டுத்தான், உண்ணி அண்ணன் வயரைப் பிடுங்கிய பிறகு, அடங்கியது.

கூரையைப் பிளக்கிற சிரிப்பு. கிரிக்கெட்டுக்கு ஓடிய பையன்கள் "அவுட்டு! அவுட்டு!" என்று கத்தினார்கள். ராபின்சன் அண்ணன் கண்ணாடியைத் தேடித் தரையில் தவழ்ந்தார். அம்மா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும். ஒரு மனுசருக்கக் கண்ணு போவாத்தது பாக்கியம். வா வீட்டுக்கு."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. முடிவெடுத்துவிட்ட குரல். ஆர்யா அழத் தொடங்கியிருந்தாள்.

அப்போது மாமி பெஞ்சுமேல் ஏறினாள். கரண்டு இல்லாததால் மைக்கும் இல்லை. மாமிக்கு மைக் எதற்கு?

"ஒருத்தரும் எழும்பாதுங்க!" என்றாள். சிரிப்பு அடங்கியது. "இது பிள்ளியளுக்கத் தப்பு இல்ல, எனக்கத் தப்பாக்கும். அதக் கேட்டுட்டுப் போங்க. நம்ம ஊரு கரண்டு எப்பிடின்னு ஒங்களுக்குத் தெரியும். சந்தியானா டியூப்லைட்டு கண்ணு முழிக்காது, மிக்சியில தேங்கா அரையாது. அந்த மெலிஞ்ச கரண்டுலயும் ஓடணும்னு இந்தப் பிள்ளிய கம்பியக் கூடுதலாச் சுத்தி இத ஆக்கி வச்சிருக்கு. எனக்கத் தம்பிக்கக் கடை டிரான்ஸ்பார்மருக்கக் கீழயாக்கும். அங்க முழுக் கரண்டு. யோசிக்காம அத இழுத்துக் கொண்டு வந்து குடுத்தது நான். கஞ்சித்தண்ணி குடிச்சுப் பழகின வயித்தில கல்யாணச் சாப்பாட்டத் திணிச்சா என்ன ஆவும்? அதாக்கும் இப்ப நடந்தது."

மறுபடி சிரித்தார்கள். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. விஷயம் புரிந்தவர்களின் சிரிப்பு.

"இப்ப நடுவில ஒரு பல்பு வைப்போம். வாற கரண்டில ஒரு பங்க அது தின்னும். மிச்சந்தான் மெஷீனுக்குப் போவும். உண்ணி அத எடுக்கத்தான் போயிருக்கான். அஞ்சு நிமிசம் இரியுங்க. போணும்னு உள்ளவங்க போலாம். ஆனா நாளைக்கு ஜாக்கெட்டு தைக்க வந்து நின்னுட்டு, பிள்ளியளுக்க மெஷீன் ஓடல்லன்னு ஒரு சொல்லு சொன்னா, நான் கேப்பேன்."

யாரும் போகவில்லை. ஊரில் ஜாக்கெட் தைக்க வேறு ஆளும் இல்லை.

அம்மா என் மணிக்கட்டை விடாமலே மாமியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஏறக்குறைய ஒரே காலத்தில் படிப்பை விட்டவர்கள்.

"ஆனந்தபாய்" என்றாள் அம்மா, "நீ இதெல்லாம் எப்பளாக்கும் படிச்சது?"

"சனியாச்சதோறும்" என்றாள் மாமி, பெஞ்சிலிருந்து இறங்கிக்கொண்டே. "நீயாக்கும் சரசம்மா, என்னக் காவலுக்கு இருத்தினது."

உண்ணி அண்ணன் வகுப்பில் சோதனைக்கு வைத்திருந்த பல்புப் பலகையைக் கொண்டுவந்து வயருக்கு நடுவில் இணைத்தார். பெட்டியில் எவ்வளவு வருகிறது என்று மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பூச்செண்டைத் தேடி எடுத்து, உதிர்ந்தது போக மீதியை மேஜைமேல் வைத்தார்கள்.

"சார், வந்து இரியுங்க" என்று ராபின்சன் அண்ணன் கூப்பிட்டார்.

பொன்னையன் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வேண்டாம் மக்கா, இஞ்ச நின்னா இன்னும் நல்லாத் தெரியுது" என்று சுவரோரம் ஒதுங்கினார். செயலாளரும் அந்தப் பக்கமே ஒதுங்கினார். நாற்காலி காலியாகக் கிடந்தது.

என் மணிக்கட்டிலிருந்து பிடி விட்டது. அம்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, ராபின்சன் அண்ணனைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"நீ போடு" என்றாள்.

சுவிட்சைப் போட்டேன். பல்பு மங்கலாக எரிந்தது. கை குனிந்தது, செண்டைப் பிடித்தது, மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தக் கறுத்த விரல்கள் எல்லோருக்கும் தெரிந்தன. அவள் மறைக்கவில்லை. இயந்திரக் கை பூவை அவள் கைகளில் வைத்துவிட்டுப் பின்வாங்கியது. அம்மா அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைதட்டலில் பொன்னையன் சார் பஸ்ஸையே மறந்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போதும் பூச்செண்டு அம்மாவின் கையிலேயே இருந்தது. படியேறும்போதுதான், "பாலிடெக்னிக்குக்குப் போவ காலைல உள்ள பஸ்சு எத்தன மணிக்காக்கும்?" என்று கேட்டாள். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்குத் தெரியும். அடுத்த வருஷம் ராபின்சன் அண்ணன் படிப்பு முடிந்து வேலைக்குப் போனார். பாலிடெக்னிக்கிலிருந்து வேறு மாணவர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின் வேறு மாணவர்கள். அவர்களுக்குத் தேர்வு வரும் சனிக்கிழமைகளில் வகுப்பை மாமியே எடுத்தாள். தையல் அறையில் ஒரு பக்கம் ஜாக்கெட்டும் மறுபக்கம் கெட்டுப்போன மிக்சியும் அயர்ன்பாக்சும் சேர்ந்தன. இதையெல்லாம் மலரில் போடலாம். ஆனால் மாமி என்றால் என் கண்ணில் வந்து நிற்பது 1997 ஜூலையில் ஒரு காலை.

எனக்கு எலக்ட்ரானிக்சில் இடம் கிடைத்திருந்தது. அம்மாவுக்கு லீவு இல்லை. முதல் நாள் தனியாக அனுப்பவும் மனமில்லை. பழைய தீர்ப்பையே மறுபடி சொன்னாள்: ஆனந்தபாய் கூடப் போனால் போகலாம். மாமி சபைக்குப் போகும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் வழி முழுவதும் எனக்குப் புத்திமதி. பாலிடெக்னிக் கேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஒரு வருஷம் அங்கிருந்து வந்தவர்களிடம் படித்தவள், அந்த இடத்தை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறாள்.

காவலாளி என்னுடைய தாளைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். "நீங்க ஆரு? பிள்ளைக்க அம்மையா?"

"இல்ல சாரே, நான் சும்மா கூட வந்தேன். இஞ்சயே நிக்கியேன்" என்று மாமி ஒதுங்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஞங்க ரெண்டு பேரும் ஒரே கிளாசில படிச்சதாக்கும்" என்றேன்.

காவலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சிரிக்கவில்லை. கேட்டின் மறுபாதியையும் திறந்துவிட்டார். "அப்ப ரெண்டு பேரும் கேறிப் போங்க."

கேட்டைத் தாண்டுவதற்குமுன் மாமி குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"மாமி, இது சர்ச்சு இல்ல. போட்டுக்கிடுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாமி உள்ளே நடந்தாள்.